டிஹெச்இஏ: "உடம்பே சுரக்கிற ஹார்மோன்தானே, டெஸ்ட்ல எப்படி மாட்டும்?"

சேலம்400 | ஜூன் 2, இரவு 9.14

தங்கச்சிக்கு 17 வயசு. 400 மீட்டர், மாநில அளவில் ஓடுகிறாள். ஜிம் பயிற்சியாளர் ஒருத்தர் தினமும் காலையில் டிஹெச்இஏ 50 மி.கி. மாத்திரை கொடுத்து வந்திருக்கிறார். கேட்டால், "இது அட்ரீனல் சுரப்பியே போடுகிற ஹார்மோன், ஸ்டீராய்டு இல்லை. அமெரிக்காவில் சத்து மாத்திரை அலமாரியில் விற்கிறார்கள். உடம்பில் ஏற்கெனவே இருப்பதை எந்த டெஸ்டும் பிரித்துக் காட்டாது" என்கிறார். அவளுக்கு முகம், முதுகு முழுக்கப் பரு. அவர் சொல்வதில் எது சரி?

சுரப்பி | ஜூன் 2, இரவு 10.40

முதலில் மாத்திரையை நிறுத்துங்கள். நாளைக்கு இல்லை, இன்றைக்கே. டிஹெச்இஏ-வைத் திடீரென நிறுத்துவதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, படிப்படியாகக் குறைக்கவும் வேண்டாம். பிரெட்னிசோலோன் போன்ற கார்டிசோல் வகை மருந்துகள்தான் வாரக்கணக்கில் சாப்பிட்டபின் சட்டென நிறுத்தினால் ஆபத்து.

இப்போது அவர் சொன்னது ஒவ்வொன்றாக.

அட்ரீனல் சுரப்பியில் வருவது, உண்மை. சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்தச் சுரப்பியின் புறணியில் மூன்று அடுக்குகள். வெளி அடுக்கு ஆல்டோஸ்டிரோன், நடு அடுக்கு கார்டிசோல், உள் அடுக்கு டிஹெச்இஏ. ரத்தத்தில் பெரும்பாலும் சல்பேட் ஒட்டிய வடிவில், டிஹெச்இஏ-எஸ் ஆகச் சுற்றும். ரத்தத்தில் அளவில் மிக அதிகமாக உள்ள ஸ்டீராய்டு ஹார்மோன் இதுதான். 6 முதல் 8 வயதுக்குள் சுரக்கத் தொடங்கி, இருபதுகளில் உச்சம் தொட்டு, எழுபதுகளில் அந்த உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும்.

"ஸ்டீராய்டு இல்லை" என்பது தவறு. வேதி அமைப்பிலேயே அது ஸ்டீராய்டு. திசுக்களுக்குள் போய் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் ஆகி, அங்கிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஆகும், ஒரு பகுதி ஈஸ்ட்ரஜனாகவும் மாறும். பரு வந்தது இந்த வழியில்தான்.

ஆணும் பெண்ணும் இதில் ஒன்றில்லை என்பதைக் கவனியுங்கள். இளம் ஆணின் விரைகள் ஒரு நாளைக்குச் சுமார் 5 முதல் 7 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் போடும். அந்த ஓட்டத்தில் டிஹெச்இஏ-விலிருந்து கிடைப்பது கரைந்து காணாமல் போகும். பெண்ணின் உடம்பு ஒரு நாளைக்குப் போடுவதோ சுமார் கால் மில்லிகிராம். அதனால் அதே 50 மி.கி. மாத்திரை ஒரு பெண்ணின் டெஸ்டோஸ்டிரோனை இரண்டு மடங்குக்கு மேல்கூட ஏற்றலாம். பரு, எண்ணெய்ப்பிசுக்கு, மேலுதட்டிலும் தாடையிலும் முடி, தலையில் முடி உதிர்தல், மாதவிடாய் தப்புதல், நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் குறைதல். குரல் கனத்துவிட்டால் அது திரும்பாது. பருவும் பிசுக்கும் சில வாரங்களில் அடங்கும், முடி அடங்கக் கூடுதல் நாளாகும்.

குரலில் மாற்றம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசி மாதவிடாய் எப்போது என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

தடம்8 | ஜூன் 3, காலை 6.05

விதிப் பக்கம் நான் சொல்கிறேன். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் எஸ்1, அனபாலிக் பொருள்கள் என்ற பிரிவில் இது பெயரோடு இருக்கிறது: பிராஸ்டிரோன், அதாவது டிஹெச்இஏ. போட்டி நாளில் மட்டும் இல்லை, எல்லா நாளும் தடை. "7-கீட்டோ" என்று கொழுப்பு குறைக்க விற்பதும் அதே பட்டியலில் தனியாக இருக்கிறது. ஜிம்மில் அதைப் "பாதுகாப்பான டிஹெச்இஏ" என்று விற்கிறார்கள், ஏமாற வேண்டாம்.

எஸ்1 பொருள்கள் "குறிப்பிட்ட பொருள்" என்ற மென்மையான வகையில் சேராது. சிக்கினால் உடனே தற்காலிகத் தடை. அடிப்படைத் தண்டனை 4 ஆண்டு. வேண்டுமென்று செய்யவில்லை என்று வீரர் நிரூபித்தால் 2. நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது.

17 வயது என்பது இங்கே முக்கியம். 18-க்குக் கீழே, பதிவுப் பரிசோதனைக் குழுவில் (தொடர்ந்து சோதிக்கப் பெயர் பதிந்த வீரர்கள்) இல்லாமல், திறந்த பிரிவில் சர்வதேசப் போட்டிக்குப் போகாதவர் "பாதுகாக்கப்பட்ட நபர்". அவர் தவறு பெரிதல்ல என்று காட்டினால் கண்டிப்பு முதல் 2 ஆண்டு வரைக்குள் முடியலாம். மருந்து எப்படி உடம்புக்குள் வந்தது என்று நிரூபிக்கும் கட்டாயமும் அவருக்கு இல்லை.

கொடுத்தவருக்குக் கதை வேறு. மருந்து கொடுப்பது தனிக் குற்றம், 4 ஆண்டு முதல் ஆயுள் வரை. பாதுகாக்கப்பட்ட நபருக்கு ஒரு பயிற்சியாளர் இப்படிப்பட்ட பொருளைக் கொடுத்தால் ஆயுள்தடை. அந்த ஜிம்காரருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சேலம்400 | ஜூன் 3, காலை 7.20

நன்றி அண்ணா. நிறுத்திவிட்டோம். குரல் அப்படியே இருக்கிறது, மாதவிடாய் ஒரு முறை தள்ளிப்போயிருக்கிறது. டப்பாவைத் தூக்கிப்போடவா?

தடம்8 | ஜூன் 3, காலை 7.31

போடாதீர்கள்! டப்பா, மீதி மாத்திரை, தொகுதி எண், காலாவதித் தேதி, வாங்கிய ரசீது, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அவர் வாட்ஸாப்பில் "தினம் ஒன்று" என்று எழுதியிருந்தால் அது. எல்லாவற்றையும் படம் எடுத்து, டப்பாவை ஜிப் கவரில் மூடி வையுங்கள். அதே தொகுதி எண்ணில் சீல் உடைக்காத இன்னொரு டப்பா கிடைத்தால் அதையும். பின்னால் "லேபிளில் இல்லாதது உள்ளே இருந்தது" என்று வாதாட வேண்டி வந்தால், திறந்த டப்பாவை யாரும் நம்பமாட்டார்கள்.

மாதிரி எடுக்க யாரும் அறிவிப்புக் கொடுக்கும் முன் தானாகப் போய் ஒப்புக்கொண்டால், அது ஒன்றுதான் நம்பத்தகுந்த சான்று என்ற நிலையில், தடைக்காலம் பாதி வரை குறைய விதியில் இடம் உண்டு. அதைச் செய்வதா வேண்டாமா என்பது வக்கீலோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது, இங்கே கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஆனால் அடுத்த போட்டிக்கு ஓட விடாதீர்கள்.

இரும்புக்கை | ஜூன் 3, மதியம் 1.15

எத்தனை நாளில் கழியும் என்று யாராவது சொன்னால் அவள் அடுத்த மாதம் ஓடலாமே?

குடுவை | ஜூன் 3, மதியம் 2.02

அந்தக் கணக்கை இங்கே எழுதமாட்டேன். இணையத்தில் சுற்றும் எண்கள் ஒரு தடவை ஒரு மாத்திரை விழுங்கியவர்களை வைத்து வந்தவை. வாரக்கணக்கில் சாப்பிட்டவருக்குப் பொருந்தாது. அதைவிட, "கழிந்துவிட்டதா" என்பது இன்றைய பரிசோதனையின் கேள்வியே இல்லை. ஏன் என்று இரவு விரிவாக எழுதுகிறேன்.

குடுவை | ஜூன் 3, இரவு 11.20

"உடம்பில் இருப்பதைப் பிரிக்க முடியாது" என்பதற்குப் பதில்.

மாதிரி எடுக்கும்போது குறைந்தது 90 மி.லி. சிறுநீர். ஏ, பி என்று இரண்டு கண்ணாடிப் புட்டிகள், வீரரே ஊற்றி வீரரே மூடுவார். நீர்த்திருக்கிறதா என்று அடர்த்தி பார்ப்பார்கள், தண்ணீர் குடித்து நீர்த்திருந்தால் மறுபடி கொடுக்க வேண்டும். ஆய்வகத்தில் ஒவ்வொரு மாதிரியிலும் ஸ்டீராய்டு வரைபடம் போடப்படும்: டெஸ்டோஸ்டிரோன், அதன் செயலற்ற இரட்டையான எபிடெஸ்டோஸ்டிரோன், ஆண்ட்ரோஸ்டிரோன், எட்டியோகொலனோலோன், இரண்டு ஆண்ட்ரோஸ்டேன்டையால்கள். இந்த எண்கள் 2014 முதல் வீரரின் உயிரியல் கடவுச்சீட்டில் ஏறுகின்றன. அதாவது உங்களை ஊரோடு ஒப்பிடுவதில்லை, உங்களை உங்களோடேயே ஒப்பிடுகிறார்கள். போன ஆண்டு மாதிரியும் இந்த ஆண்டு மாதிரியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

படம் கோணலாக இருந்தால் அடுத்தது கார்பன் ஐசோடோப் சோதனை. இங்கேதான் அந்த ஜிம் வாதம் முழுசாக உடைகிறது.

மருந்துத் தொழிற்சாலை டிஹெச்இஏ-வை ஒன்றுமில்லாததிலிருந்து செய்வதில்லை. காட்டுவள்ளிக் கிழங்கின் டையோஸ்ஜெனின், சோயாவின் ஸ்டீரால்கள், இவைதான் மூலப்பொருள். இரண்டும் சி3 வகைத் தாவரங்கள், கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பனைக் குறைவாகப் பிடிப்பவை. நம் உடம்பு செய்யும் ஸ்டீராய்டின் கார்பன் நாம் சாப்பிட்டதிலிருந்து வருகிறது. நம் சாப்பாடு கலவையானது: அரிசி, கோதுமை சி3, ஆனால் கம்பு, கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம், கரும்புச் சர்க்கரை எல்லாம் சி4, கார்பன்-13 அதிகம். ஆக உடம்பின் சொந்த ஹார்மோனும் மாத்திரை ஹார்மோனும் மூலக்கூறில் ஒன்றே, எடையில் ஒரு நூலளவு வேறு. கருவி அந்த நூலளவை அளக்கும்.

"அப்ப சோறு மட்டும் சாப்பிடுகிறவன் மாட்டுவானா?" என்று அடுத்த கேள்வி வரும். மாட்டமாட்டான். அதே சிறுநீரில், மாத்திரையால் மாறாத ஒரு ஹார்மோன் எச்சத்தை, பெரும்பாலும் பிரெக்னேன்டையாலை, அளவுகோலாக எடுப்பார்கள். அதற்கும் சந்தேகப்படும் எச்சத்துக்கும் இடையே ஆயிரத்தில் 3 பங்கு என்ற அளவைத் தாண்டி வித்தியாசம் இருந்தால்தான் வெளியிலிருந்து வந்தது என்பார்கள். சாப்பாடு மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும், இடைவெளி மாறாது.

தடம்8 | ஜூன் 4, காலை 5.50

ஒன்று சேர்க்க. டெஸ்டோஸ்டிரோனுக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் 4-ஐத் தாண்டினால் என்பதுதானே பிரபலமான கணக்கு. டிஹெச்இஏ சாப்பிட்டால் அது ஏறுமா?

குடுவை | ஜூன் 4, காலை 9.12

அதை மட்டும் நம்பினால் டிஹெச்இஏ கண்ணில் படாமல் தப்பிவிடும். டிஹெச்இஏ அந்த விகிதத்தைச் சிலருக்கு ஏற்றும், சிலருக்கு அசைக்கவே அசைக்காது. ஆண்ட்ரோஸ்டிரோன், எட்டியோகொலனோலோன் இரண்டும்தான் கிடுகிடுவென ஏறும். அதைப் பார்த்துத்தான் ஐசோடோப் சோதனைக்கு அனுப்புவார்கள்.

விகிதத்துக்கு வேறு குழப்பங்களும் உண்டு. மது குடித்தால் ஏறும், பெண்களுக்கு இன்னும் தெளிவாக. டெஸ்டோஸ்டிரோனைச் சிறுநீரில் வெளியேற்ற உதவும் யுஜிடி2பி17 என்ற மரபணு இரண்டு பிரதியும் இல்லாதவர்களுக்கு விகிதம் பிறவியிலேயே மிகக் கீழே. கொரியா, ஜப்பான் மக்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். அவர்களுக்கு 4 என்ற கோடு எட்டாத உயரம், ஏமாற்றுபவரும் அதற்குக் கீழேயே நிற்பார். கடவுச்சீட்டு வந்ததற்கு ஒரு பெரிய காரணம் இது.

சூடான அறையில் மாதிரி கெட்டுப்போனாலும் வரைபடம் கோணும், ஆனால் பாக்டீரியா விட்டுப்போகும் அடையாளங்களை ஆய்வகம் தனியாகத் தேடும்.

இரும்புக்கை | ஜூன் 4, காலை 10.30

டெல்லி ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகத்தையே மூடிவிட்டார்கள் என்று படித்தேன்.

குடுவை | ஜூன் 4, காலை 10.41

பழைய செய்தி. 2019 ஆகஸ்டில் அங்கீகாரம் இடைநிறுத்தம், 2021 டிசம்பரில் திரும்பக் கிடைத்தது. நடுவில் இந்திய மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போயின, சோதனை நிற்கவில்லை.

மருந்துச்சீட்டு | ஜூன் 4, மாலை 4.25

"அமெரிக்காவில் கடையில் கிடைக்கிறது" என்பதற்கு வருகிறேன். கிடைக்கிறது, உண்மை. காரணம் அறிவியல் இல்லை, சட்டம்.

1934-ல் ஜெர்மன் வேதியியலர் பூட்டனான்ட்டின் குழு சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. எண்பதுகளில் உடல் இளைக்க மாத்திரையாக விற்றார்கள். 1985-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைக் கடையிலிருந்து எடுக்கச் சொன்னது. 1994-ல் சத்துப்பொருள் சட்டம் வந்ததும் அதே பொருள் "உணவுத் துணை" என்ற பெயரில் திரும்பி வந்தது. 2004-ல் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் போன்றவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த சட்டத்தில் டிஹெச்இஏ-வுக்கு மட்டும் விலக்கு. வேதியியல் பாதையில் ஒரு படி பின்னால் நிற்கும் பொருள் வெளியே, அடுத்த படியில் நிற்பது உள்ளே. இதில் மருத்துவ நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உணவுத் துணை என்றால் தரச்சோதனையும் அந்த அளவில்தான். 1998-ல் அமெரிக்கக் கடைகளிலிருந்து டிஹெச்இஏ பொருட்களை வாங்கி அளந்து பார்த்தார்கள். லேபிளில் சொன்னதில் 0 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை இருந்தது. ஒரு டப்பாவில் மருந்தே இல்லை, இன்னொன்றில் ஒன்றரை மடங்கு.

லேபிளில் ஒளிந்திருக்கும் பெயர்கள்: பிராஸ்டிரோன், டிஹைட்ரோஎபிஆண்ட்ரோஸ்டிரோன், ஆண்ட்ரோஸ்டெனோலோன், 3-பீட்டா-ஹைட்ராக்ஸி-ஆண்ட்ரோஸ்ட்-5-ஈன்-17-ஒன். "ஆண்ட்ரோ" என்று தொடங்கினாலோ, "17-ஒன்" என்று முடிந்தாலோ கீழே வையுங்கள். "பிரத்தியேகக் கலவை" என்று போட்டுத் தனித்தனி அளவு சொல்லாத டப்பாவையும் கீழே வையுங்கள்.

தடம்8 | ஜூன் 4, இரவு 8.00

லேபிளைப் படிக்காததன் விலை என்ன என்பதற்கு 400 மீட்டரிலேயே உதாரணம் இருக்கிறது. லஷான் மெரிட், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம். 2009 அக்டோபருக்கும் 2010 ஜனவரிக்கும் இடையே கொடுத்த மூன்று மாதிரிகளில் டிஹெச்இஏ. கடையில் வாங்கிய ஆண்மைக்கான மாத்திரையிலிருந்து வந்தது. ஓட்டத்துக்காகச் சாப்பிடவில்லை என்பதை நடுவர்கள் ஏற்றார்கள், அப்படியும் 21 மாதத் தடை. அன்றைய 400 மீட்டர் ஒலிம்பிக் சாம்பியனுக்கே இவ்வளவுதான் சலுகை. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் ரஷார்ட் லூயிஸ் 2009-ல், ஓ.ஜே. மேயோ 2011-ல், இருவருக்கும் டிஹெச்இஏ-வுக்காக 10 ஆட்டத் தடை.

இரும்புக்கை | ஜூன் 5, காலை 11.00

சரி, மாட்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை செய்வதால்தானே தடை?

சுரப்பி | ஜூன் 5, இரவு 9.30

நல்ல கேள்வி. என் நேரடிப் பதில்: ஆரோக்கியமான இளம் ஆணுக்கு வேலை செய்யவில்லை. 1999-ல் வந்த ஆய்வில் இளம் ஆண்களுக்குத் தினம் 150 மி.கி., எட்டு வார எடைப்பயிற்சியுடன் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த டெஸ்டோஸ்டிரோன் ஏறவில்லை, மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வலு கூடவில்லை. உங்கள் கைத்தடிமனுக்கு இது உதவாது.

முதியவர்களுக்கு? 2006-ல் மேயோ கிளினிக் ஆய்வு. 60 தாண்டியவர்கள், ஆண்களுக்கு 75 மி.கி., பெண்களுக்கு 50 மி.கி., இரண்டு ஆண்டு. ஹார்மோன் அளவு இளமைக்குத் திரும்பியது. தசை, வலு, இன்சுலின் செயல்பாடு, வாழ்க்கைத் தரம் எதுவும் திரும்பவில்லை. எலும்பு அடர்த்தியில் மட்டும் சில இடங்களில் சிறிய ஏற்றம். வயதோடு ஒரு எண் குறைகிறது என்பதால் அந்த எண்ணை ஏற்றினால் வயது குறையாது. "முதுமை தடுக்கும்" டிஹெச்இஏ-வை அப்பாவுக்கு வாங்குகிறவர்கள் இதைப் படிக்கட்டும். புராஸ்டேட், மார்பகம், கருப்பைப் புற்றுநோய் வரலாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. மனச்சோர்வு–மிகையெழுச்சி நோய் உள்ளவர்களுக்கு மிகையெழுச்சியைத் தூண்டியதாகவும் பதிவுகள் உண்டு.

பிறகு ஏன் தடை? பெண்களில் ஆண்ட்ரஜன் (டெஸ்டோஸ்டிரோன் வகை ஆண் ஹார்மோன்) உண்மையாகவே ஏறுகிறது, உடல்நலக் கேடும் அங்கேதான் அதிகம். 17 வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தது எனக்குக் கோபம் வரவைப்பதும் அதனால்தான்.

உண்மையில் பயன்படும் இடமும் பெண்களிடம்தான். இரண்டு அட்ரீனலும் செயலிழந்த பெண்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் சரியாகக் கொடுத்தும் சோர்வு, மனத்தளர்ச்சி, நாட்டமின்மை தீராதபோது காலையில் 25 முதல் 50 மி.கி. கொடுத்துப் பார்க்கலாம். 1999-ல் 24 பெண்களிடம் 50 மி.கி. வைத்து நடந்த ஆய்வு இதற்கு அடித்தளம். 2016 நாளமில்லாச் சுரப்பிச் சங்க வழிகாட்டி சொல்வது: ஆறு மாதம் கொடுத்துப் பாருங்கள், பலனில்லை என்றால் நிறுத்துங்கள், காலை மாத்திரைக்கு முன் டிஹெச்இஏ-எஸ் அளந்து நடு அளவில் வையுங்கள்.

இன்னொரு பயன்: மாதவிடாய் நின்றபின் உறவின்போது வலி உள்ள பெண்களுக்கு 6.5 மி.கி. பிராஸ்டிரோன், யோனிக்குள் வைக்கும் மாத்திரை. அமெரிக்காவில் 2016-ல் அனுமதி பெற்றது.

"அட்ரீனல் சோர்வு" என்று சொல்லி இதை எழுதிக்கொடுப்பவர்களிடம் எச்சரிக்கை. அப்படி ஒரு நோய் மருத்துவத்தில் இல்லை. அட்ரீனல் செயலிழப்பு என்பது உண்டு, அதைக் காலை 8 மணி கார்டிசோலும் தூண்டல் சோதனையும் காட்டும்.

செவிலியக்கா | ஜூன் 6, காலை 8.45

குழந்தையின்மை சிகிச்சையை யாரும் தொடவில்லை. நம் ஊரில் டிஹெச்இஏ அதிகம் கைமாறுவது அங்கேதான். கருமுட்டை இருப்பு குறைவு என்றால், அந்த இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ஹார்மோன் எண் கீழே இருந்தால், மைக்ரோனைஸ்டு (நுண்பொடியாக்கிய) 25 மி.கி. மூன்று வேளை, அல்லது 75 மி.கி. மெதுவாகக் கரையும் மாத்திரை ஒரு வேளை, ஐவிஎஃப் எனும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கு முன் சில வாரம் முதல் மூன்று மாதம் வரை எழுதுகிறார்கள். ஃபோலிக் அமிலம், கோ-கியூ10 என்று சீட்டு நீளும், நடுவில் இது இருப்பதே பலருக்குத் தெரியாது.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள பெண் பக்கத்து வீட்டுக்காரியின் சீட்டைப் பார்த்து இதை வாங்கிச் சாப்பிடுவது தலைகீழான காரியம். பிசிஓஎஸ்-ல் ஆண்ட்ரஜன் ஏற்கெனவே அதிகம்.

சுரப்பி | ஜூன் 6, காலை 9.30

அக்கா சொன்னதோடு சான்றையும் சேர்க்கிறேன். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் 2015 காக்ரேன் தொகுப்பில் பலன் இருக்கலாம் என்றார்கள், ஆனால் தரம் குறைந்த ஆய்வுகளை நீக்கியதும் டிஹெச்இஏ-வின் பலன் மறைந்தது. 2024 தொகுப்பில் குழந்தை பிறக்கும் வாய்ப்பில் வித்தியாசம் அநேகமாக இல்லை அல்லது மிகக் குறைவு என்ற முடிவு. மருத்துவர் எழுதினால் "என் விஷயத்தில் ஏன்" என்று கேட்பது நோயாளியின் உரிமை.

தடம்8 | ஜூன் 6, மாலை 6.10

திருமணமாகி இன்னும் ஓடுகிற, எறிகிற பெண்களுக்கு இது நேரடி ஆபத்து. காவல்துறை, ரயில்வே அணிகளில் இருப்பவர்கள் கவனிக்கவும். டாக்டர் எழுதினார் என்பது விலக்கு ஆகாது. சிகிச்சை விலக்கு தனியாக வாங்க வேண்டும், போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பு, தேசிய அளவு என்றால் நாடா என்ற தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையிடம், சர்வதேச அளவு என்றால் கூட்டமைப்பிடம். நோய் உறுதியாக இருக்க வேண்டும், அனுமதிக்கப்பட்ட மாற்று இல்லை என்று காட்ட வேண்டும், இயல்பு நிலைக்கு மேல் திறன் கூடக் கூடாது, முன்பு ஊக்கமருந்து சாப்பிட்டதன் விளைவாக வந்த நோயாகவும் இருக்கக் கூடாது. சுரப்பி காட்டிய சான்றை வைத்துப் பார்த்தால் டிஹெச்இஏ-வுக்கு இதைத் தாண்டுவது மிகக் கடினம். சிகிச்சை தொடங்கும் முன்பே விளையாட்டு மருத்துவரிடம் சீட்டைக் காட்டுவதுதான் வழி.

மருந்தின் பெயரைத் தேட நாடாவின் "நோ யுவர் மெடிசின்" செயலி இருக்கிறது. மருந்துக்குத்தான் அது, ஜிம் டப்பாவுக்கு இல்லை.

கம்பங்கூழ் | ஜூன் 7, காலை 7.00

குடுவை காட்டுவள்ளி என்றதும் பயம். வெந்தயத்திலும் டையோஸ்ஜெனின் இருக்கிறதாமே. தினம் ஊறவைத்த வெந்தயம் சாப்பிடுகிறேன்.

குடுவை | ஜூன் 7, காலை 8.20

தாராளமாகச் சாப்பிடுங்கள். வெந்தயத்தில் டையோஸ்ஜெனின் உண்டு, ஆனால் மனித உடம்பில் அதை டிஹெச்இஏ ஆக்கும் நொதி இல்லை. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் மெக்சிகோ காட்டுவள்ளியிலிருந்து செய்த அந்த மாற்றம் அமிலமும் வெப்பமும் வைத்துக் குடுவையில் நடப்பது. "காட்டுவள்ளி க்ரீம் இயற்கை டிஹெச்இஏ தரும்" என்ற விளம்பரமும் இதனாலேயே பொய். வெந்தயச் சாறு என்று விற்கும் ஜிம் மாத்திரையில் வேறு எதைக் கலந்தார்கள் என்பதுதான் கவலை.

சேலம்400 | ஜூன் 9, இரவு 8.50

ரத்தம் கொடுத்தோம். டிஹெச்இஏ-எஸ் 610. டெஸ்டோஸ்டிரோனும் ஆய்வக எல்லைக்கு மேல். கட்டியா இருக்குமோ என்று அம்மா அழுகிறார்கள்.

சுரப்பி | ஜூன் 9, இரவு 9.05

அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக்ரோகிராம் பெர் டெசிலிட்டர் அலகில் 700-ஐத் தாண்டினால்தான் அட்ரீனல் கட்டியை மும்முரமாகத் தேடுவோம். இவள் மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள், அதுவே காரணமாக இருக்கலாம். எப்போது எடுத்தீர்கள், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாள்? முடி உதிர்வுக்கு பயோட்டின் என்ற வைட்டமின்?

சேலம்400 | ஜூன் 9, இரவு 9.11

ஆமா சார், பயோட்டின் 10 மி.கி. தினமும்.

குடுவை | ஜூன் 9, இரவு 9.40

அதனால்தான் சுரப்பி கேட்டிருக்கிறார். பல ஆய்வகக் கருவிகள், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பயோட்டினை இறுகப் பிடிப்பதை வைத்து அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் அதிகம் இருந்தால் டிஹெச்இஏ-எஸ், டெஸ்டோஸ்டிரோன் போன்ற சிறு ஹார்மோன்கள் பொய்யாக உயர்ந்து தெரியும். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறையும். மூன்று நாள் பயோட்டினை நிறுத்திவிட்டு எடுங்கள். இன்னொரு சிக்கல், டிஹெச்இஏ-எஸ் அதிகமாக இருந்தால் அதுவே சில கருவிகளில் பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் எண்ணைத் தூக்கிக் காட்டும். முடிந்தால் டெஸ்டோஸ்டிரோனை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் கேளுங்கள்.

சுரப்பி | ஜூன் 9, இரவு 10.15

மாத்திரை நிறுத்தி நான்கு வாரம் ஆனதும் மறுபடி. டிஹெச்இஏ-எஸ் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், நேரம் முக்கியமில்லை. கூடவே காலை 8 மணிக்கு 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன், மாதவிடாய் தொடங்கிய முதல் சில நாட்களில். பிறவியில் வரும் அட்ரீனல் நொதிக் குறைபாட்டின் லேசான வடிவம் இந்த வயதில் பருவும் முடியுமாகத்தான் தலைகாட்டும், அதை ஒதுக்கிவிட வேண்டும். காலைக் கார்டிசோலும் பாருங்கள். பெயர் தெரியாத ஜிம் மாத்திரையில் டெக்ஸாமெத்தசோன் (கார்டிசோல் வகைச் செயற்கை மருந்து) கலந்திருந்தால் கார்டிசோலும் டிஹெச்இஏ-எஸ்ஸும் இரண்டுமே தரைமட்டத்தில் இருக்கும். இவளுக்கு டிஹெச்இஏ-எஸ் மேலே இருப்பது மாத்திரையாலும் இருக்கலாம் என்பதால் அதை வைத்து மட்டும் அந்தச் சந்தேகத்தை ஒதுக்க முடியாது, ஒரு ஊசிக்குத்தில் தெரிந்துவிடும். நேரில் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள், இந்தப் பக்கத்தைக் காட்டி எழுதி வாங்க வேண்டாம்.

மருந்துச்சீட்டு | ஜூன் 10, காலை 10.00

பருவுக்குக் கடையில் "மூன்று மருந்து கலந்த" வெள்ளை க்ரீம் வாங்கிவிடாதீர்கள். அதில் மொமெட்டசோன் அல்லது பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் பளபளக்கும், பிறகு பரு இரண்டு மடங்காகத் திரும்பும், தோல் மெலிந்து சிவக்கும். பென்சாயில் பெராக்சைடு 2.5 விழுக்காடு, இரவில் பயறளவு, பத்து நிமிடம் வைத்துக் கழுவுவதில் தொடங்கலாம். தலையணை உறை வெளுக்கும், பழைய துணி போடுங்கள்.

தடம்8 | ஜூன் 10, மாலை 5.35

க்ரீம் பேச்சு வந்ததால், கார்டிசோல் குடும்பத்து மருந்துகளுக்கும் விதியைச் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் இதில் குழம்புகிறார்கள். தோலில் பூசுவது, ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கில் அடிப்பது எல்லாம் வழக்கமான அளவில் அனுமதி. வாய்வழி மாத்திரையும் எல்லா ஊசிகளும் போட்டிக் காலத்தில் தடை. போட்டிக் காலம் என்பது போட்டிக்கு முந்தின இரவு 11.59-க்கே தொடங்கிவிடும்.

பிரெட்னிசோலோன் மாத்திரை என்றால் கடைசி மாத்திரைக்கும் அந்த நேரத்துக்கும் 3 நாள் இடைவெளி. முழங்கால் மூட்டுக்குள் போடும் ஊசி பெரும்பாலானவற்றுக்கு 3 நாள், டிரையாம்சினோலோன் என்றால் 10 நாள். அதே டிரையாம்சினோலோனைப் புட்டத்தசையில் போட்டால் 60 நாள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் தசை ஊசி 5 நாள்.

ஆகவே ஊசி போடும்போது மருந்தின் பெயர், அளவு, எந்த இடத்தில் போட்டார், தேதி, நேரம் ஐந்தையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். "ஸ்டீராய்டு ஊசி போட்டாச்சு" என்று மட்டும் எழுதிய சீட்டால் உங்களுக்கு 3 நாளா 60 நாளா என்று யாராலும் சொல்ல முடியாது. மாதிரி எடுக்கும்போது படிவத்தில் கடந்த 7 நாளில் சாப்பிட்டதை, போட்டுக்கொண்டதைக் கேட்கும் கட்டம் இருக்கும். இன்ஹேலர், பயோட்டின், வலிமாத்திரை எல்லாவற்றையும் அதில் நிரப்புங்கள். இடம் போதாவிட்டால் இன்னொரு தாள் கேளுங்கள்.

கம்பங்கூழ் | ஜூன் 11, காலை 6.40

மூட்டுக்குள் போட்டதாகச் சொல்லி டாக்டர் பக்கத்துத் தசையில் போட்டிருந்தால்?

தடம்8 | ஜூன் 11, காலை 7.02

அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டிருந்தால் அந்தப் படத்தை வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் டிரையாம்சினோலோனுக்கு 60 நாள் கணக்கையே எடுங்கள். அதற்குள் போட்டி வந்தால் முன்கூட்டியே சிகிச்சை விலக்குக்கு விண்ணப்பியுங்கள்.